திருநீறு சேர்ந்த இடம்

"நீங்க வில்லை மட்டும் இழுங்க மேடம். பேச்சை நான் பாத்துக்கிறேன். அப்படித்தான பேசியிருக்கோம்" என்றார் ஞானவேல்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த அந்தத் தியான நிலையத்தை நடத்துபவர் அவர். சுவரெங்கும் மாட்டியிருந்த படங்கள், அவர் மேடம் என்று அழைத்த தேவசேனாவினுடையவை. பித்தளைத் தகட்டில் உப்பைத் தூவி, அதன் விளிம்பை வயலின் வில்லால் தேய்த்தால் தகடு பாடும். உப்பு ஓடிப்போய்க் கோலமாக நிற்கும். அந்தக் கோலங்களைத்தான் பல வருஷமாக அவள் தாளில் ஒற்றி எடுத்துவந்தாள். முதன்முறையாக ஒரு கூடம் கிடைத்திருக்கிறது. அவள் வாயைத் திறந்தால் ஞானவேல் இன்றைக்கே படங்களை இறக்கிவிடுவார்.

நேற்று ஒத்திகையில் அவர் பேசியதை அவள் மறக்கவில்லை. "உப்பு ஆடாத இடத்துல போய் ஒதுங்குது பாருங்க. மனசும் அப்படி அடங்கணும். அதுவும் பொம்பளை மனசு!"

உப்பு ஆடாத இடத்தில் ஒதுங்குவது உண்மைதான். இயற்பியல் டீச்சராக இருந்தபோது அவளே சொல்லிக்கொடுத்தது. ஆனால் வில் இழுக்கும்போது அவளுக்குள் ஏதோ திறந்துகொள்ளுமே, அப்போது அவள் அடங்கிக் கிடந்ததே இல்லை. நடுங்குவாள். உடம்பு மொத்தமும் ஒரே ஒலியாகி, தான் என்பதே மறந்துபோகும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பெயர் வைத்ததுமில்லை.

அன்று காலை நிகழ்ச்சி தொடங்கும்போது பனிமூட்டம் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. உப்பு நசநசத்துத் தகட்டோடு ஒட்டிக்கொண்டது. வில்லை இழுத்தாள். அசையவில்லை. வந்திருந்தவர்கள் படம் பிடிக்கத் தூக்கிய செல்போனை இறக்கினார்கள்.

ஞானவேல் சளைக்கவில்லை. தகட்டைத் துடைக்கச் சொல்லிவிட்டு, பழனித் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்.

"இது நைசான பொடிங்க. வேற மாதிரி வரும்" என்றாள் தேவசேனா.

"முருகன் திருநீறு எப்படிங்க வேற மாதிரி வரும்? போடுங்க மேடம்."

சொல்லியாயிற்று. தூவினாள். வில்லை இழுத்தாள்.

திருநீறு உப்பின் வழியே போகவில்லை. தகடு கிளப்பிய காற்றில் மிதந்து, அதிர்வு மிகுந்த இடங்களில் குட்டிக் குட்டிக் குவியலாகச் சேர்ந்து கொதித்தது. ஞானவேல் குனிந்து பார்க்காமலே மைக்கில் ஆரம்பித்துவிட்டார். "பாருங்க, ஆடாத இடத்துல அமைதியா..."

பண்ணைக்காட்டிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காப்பித் தோட்டக்காரி தமயந்தி எட்டி ஒரு குவியலில் விரல் வைத்தாள்.

"ஆத்தாடி! எங்கங்க ஆடாம கெடக்கு? விரலு கூசுது! நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

கூடம் சிரித்தது. ஞானவேல் மைக்கைப் பொத்திக்கொண்டு, "நிப்பாட்டுங்க மேடம்" என்றார்.

தேவசேனா வில்லை நிறுத்தினாள். தமயந்தியைப் பார்த்துப் பேசினாள்.

"உப்பு கனம்ங்க. ஆட்டம் அதை உதறித் தள்ளிருது, ஆடாத இடத்துல போய் விழுது. திருநீறு லேசு. எங்க ஆட்டம் அதிகமோ அங்க போய்ச் சேருது. நானும் அங்கதான் இருக்கேன். என்னை அடங்கச் சொல்ல உப்பைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்."

"படத்தையெல்லாம் கழட்டுங்கப்பா!" என்று ஞானவேல் உள்ளே நின்ற பணியாட்களைப் பார்த்துக் கத்தினார்.

"யாரும் தொட வேண்டாம். நானே கழட்டிக்கிறேன்" என்றாள் தேவசேனா. பிசின் கட்டியை எடுத்து வில்லில் நிதானமாகத் தேய்த்துக்கொண்டே ஞானவேலைப் பார்த்தாள். "இன்னும் முடியலைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."