மூன்றாவது ஃபியூஸ்

நல்லமுத்து படுக்கையறைச் சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினான். ரிமோட் வைத்த புதுக் காற்றாடிக்குக் கரண்டு எப்போதும் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். நடுவில் பழையது இருந்தால் உறுமுமாம். அந்த இடத்தில் பிறகு பொத்தான் வைத்த புதுச் சுவர்ப்பெட்டி வரும். படுத்துக்கொண்டும் போடலாம், நின்றுகொண்டும் போடலாம். பாயான் பாரு ஃபேக்டரியில் பன்னிரண்டு வருஷமாக ரேடியோவுக்குப் பாகங்கள் பூட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டு நாலு மணிக்கு ஏணி ஏறியவன், ஏழரைக்கும் அதன் மேலேதான் நின்றான்.

அவன் மனைவி தனலெட்சுமி வாசல் கதவை ஒட்டியிருந்த மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதன் கீழேயே காவல் நின்றாள். பூ வாங்கப் போன நாத்தனார் அங்கம்மா எந்த நேரமும் வந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை அந்தியில் வாசல் விளக்கு எரியாவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. யாரையும் கேட்காமல் கை மெயினுக்குப் போய்விடும். காற்றாடிக்குச் சுவிட்சாகவும் இருந்த ரெகுலேட்டர் இப்போது இல்லாததால் கரண்டு நேரே நல்லமுத்துவின் விரலுக்குத்தான் வரும். பத்து வயதில், அண்ணன் வேலு ஈரக்கையோடு வயரில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவள் தனலெட்சுமி. வேலு கத்தவே இல்லை. அவனால் கத்த முடியவில்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"தனம்! இருட்டிருச்சு, டார்ச்ச எடுத்துக்கிட்டு வா லா!"

"நா இங்கயே நிக்கிறேங்க."

"மெயின் என்ன, தானா ஏறிக்கப் போவுதா? கை வலிக்குது, வா!"

மெயினுக்குப் பக்கத்தில் நான்கு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்கள். எதிலும் எழுத்தில்லை. போன வருஷம் சமையலறை விளக்கு அணைந்தபோது அவன் இரண்டாவதைக் கழற்றியதாக ஞாபகம். அப்படியானால் படுக்கையறைக்கு மூன்றாவதாக இருக்கும். இருக்குமா? நகம் பெயர மூன்றாவதைப் பிடுங்கினாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான்காவதையும் இழுத்தாள், அது அசைந்துகொடுக்கவில்லை. உள்ளிருந்து மறுபடியும் சத்தம் வரவே, பிடுங்கியதைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். சொன்னால் சிரிப்பான் என்று அவனிடம் சொல்லவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் அவன் வயர் முனைகளை வெறும் விரல்களால் பிடித்து முறுக்க ஆரம்பித்தபோது வெளிக்கதவு கிறீச்சிட்டது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீடு இப்படியா இருட்டிக் கெடக்கும்? மகாலெட்சுமி எப்படி லா உள்ள வருவா?"

"அண்ணி! தொடாதீ..."

தடக்கென்று மெயின் ஏறியது. வாசல் விளக்கின் வெளிச்சம் கூடத்தைத் தாண்டி அறைக்குள் விழுந்தது. சமையலறை ரேடியோ பாதிப் பேச்சில் கத்தத் தொடங்கியது. தனலெட்சுமியின் கையிலிருந்து டார்ச் நழுவி உருண்டது.

தலைக்கு மேலே சத்தமே இல்லை.

நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தொட்டால் தன்னையும் இழுத்துக்கொள்ளுமோ என்று ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டாள், எடுத்ததற்காக வெட்கப்பட்டாள். கண்ணுக்கு நேரே அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இரண்டும் படியோடு ஒட்டி அசையாமல் நின்றன. வேலுவின் பாதங்களும் அப்படித்தான் நின்றன. இடுப்பில் இருந்த பீங்கானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது, மூன்றாவது என்று முணுமுணுத்தாள்.

"உள்ள வெளக்கு வந்திருச்சா?" என்று வாசலிலிருந்து அங்கம்மா கேட்டாள்.

அப்புறம் அவனுடைய வலது கால் கீழே இறங்கி, படி எங்கே என்று தெரியாமல் காற்றில் துழாவியது. மூன்றாவதேதான். தனலெட்சுமி அதை இரண்டு கைகளாலும் பிடித்துப் படியில் வைத்தாள். வைத்த பிறகும் விடவில்லை.