இருபதுக்கு மேல் எறும்புகள்

எறும்பு வளர்ப்பவனுக்கு அச்சம் என்ற ஒன்றே இருக்கக் கூடாது. அஞ்சுகிறவன் கோழி வளர்க்கலாம். எறும்பு வளர்ப்போர் குழுவில் இந்த வாசகத்தை எழுதியவன் சக்கரவர்த்தி. கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. உட்கார்ந்த இடத்துக்குத் தண்ணீர் கேட்கிறவன் என்பதால் சிறு வயதில் அக்கா வைத்த பெயர் அது. அவன் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டு, இப்போது அக்கா வீட்டில் தங்கி ஆட்சி செய்துவந்தான்.

எது சிறந்த எறும்பு என்ற சண்டை அந்தக் குழுவில் ஓயாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. கட்டெறும்புக்காரர்கள், அது பெரிது, நிதானமானது, புதிதாக வளர்ப்பவன் செய்யும் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் என்பார்கள். விதை சேர்க்கும் எறும்பு வைத்திருப்பவர்கள், அது விதையை மென்று மாவாக்கி உருட்டுவதை மணிக்கணக்கில் பார்த்துவிட்டு வந்து பேசுவார்கள். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறுவை வளர்ப்பவர்கள் வாதாடுவதே இல்லை. படம் மட்டும் போடுவார்கள்.

அத்தான் கட்டெறும்புக் கட்சி. செயற்கைப் பல் செய்யும் தொழில், பொறுமைக்குக் குறைவில்லை. அவருடைய எறும்புகள் கடிக்கும், கொட்டாது. அந்த வீட்டில் இந்த வித்தியாசம்தான் சட்டம். ஏனென்றால் அக்காவை ஒருமுறை குளவி கொட்டி, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, மயிரிழையில் பிழைத்தாள். எறும்பும் குளவியும் விஷத்தில் பங்காளிகள், இனி எது கொட்டினாலும் ஆபத்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த அவசர ஊசி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும்.

அன்றிலிருந்து துண்டோ தலையணை உறையோ, அத்தான் உதறாமல் அவளிடம் கொடுத்ததில்லை. சக்கரவர்த்திக்கு இது தினசரி வேடிக்கை. "அத்தான், சுவரை உதற மறந்துட்டீங்க" என்பான். கழுதை தேய்ந்தால் கிடைக்கிற சாமானுக்கு எதற்குக் கண்ணாடி மாளிகை என்றும் கேட்பான். அத்தான் சிரித்துவிட்டு அடுத்த துண்டை உதறுவார்.

கழுதைக் கட்சியைத் தோற்கடிக்க சக்கரவர்த்தி ரகசியமாக வாங்கி வந்ததுதான் பொறித்தாடை. எலிப்பொறியைப் போலத் தாடையை அகல விரித்துவைத்தபடியே நடக்கிற எறும்பு. முன்னால் எதுவும் உரசினால் தாடை பட்டென்று மூடும். அந்த வேகத்தில் எறும்பே எகிறி விழும். பின்புறம் கொடுக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் 'லென்ஸ்' என்ற உறுப்பினர், இவனுடைய பழைய ஹெட்போனை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தார். ராணி ஒன்று, வேலைக்காரர்கள் இருபதுக்கு மேல் இருக்கும் என்றார். இவன் எண்ணிப் பார்க்கவில்லை. சக்கரவர்த்திகள் படையை எண்ணுவதில்லை. வேதியியல் புத்தகங்களுக்குப் பின்னால், தான் உட்பட யாரும் கைவைக்காத இடத்தில், பெட்டியை ஒளித்துவைத்தான்.

அந்த ஞாயிறு மதியம் இடுக்கியால் ஒரு பூச்சியை உள்ளே போட்டு, தாடை மூடும் கணத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டான். சண்டை சூடு பிடித்தது. கூடத்தில் படுத்துக்கொண்டு கட்டெறும்புக்காரர்களை ஒவ்வொருவராக வீழ்த்தினான். வெற்றியோடு அறைக்குத் திரும்பியபோது இடுக்கி பெட்டிக்குள் சாய்ந்து நின்றது. அதன் மேல் நுனி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விளிம்பைச் சுற்றி வழுக்கும் பவுடர் பூசியிருந்தது. எந்த எறும்பும் அதன்மேல் ஏற முடியாது. இடுக்கியின் மேல் ஏறலாம். பெட்டிக்குள் எந்தக் குச்சியையும் விட்டுவைக்காதே என்பதுதான் இந்தக் கலையில் முதல் நாள் பாடம். உள்ளே சோதனைக்குழாயில் ராணியும் அவளைச் சுற்றி நாலைந்து பேரும் இருந்தார்கள். மற்றபடி பெட்டி காலி.

அடுத்த அறையில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை; பகலில்தான் தூக்கம்.

சாதாரண எறும்பாயிருந்தால் வரிசையைப் பிடித்துக்கொண்டு போகலாம். பொறித்தாடை வரிசையில் போகாது, தனித்தனியாகத் திரியும். சக்கரவர்த்தி தரையில் குப்புறப் படுத்தான். மேசைக்கடியில் ஒன்றை டம்ளரால் கவிழ்த்துப் பிடித்தான். வாசற்படியில் இன்னொன்று. மூன்றாவது அக்காவின் அறைக் கதவுக்கடியில் நுழைந்துகொண்டிருந்தது, எட்டுவதற்குள் மறைந்துவிட்டது.

கதவைத் திறந்தான். அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையணையில், அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்று விரித்த தாடையோடு நடந்துகொண்டிருந்தது. கதவுக்கடியில் பார்த்தது இவ்வளவு சீக்கிரம் அங்கே போயிருக்க முடியாது. இது வேறு.

அத்தானுக்கு போன் செய்தான். "அத்தான், கொட்டுற எறும்பு. நான்தான் கொண்டு வந்தேன். அக்கா தலையணையில இருக்கு."

மறுமுனையில் ஏதோ இயந்திரம் நின்றது. அவர் திட்டாததுதான் அதிகம் பயமுறுத்தியது.

"எழுப்பாதே. புரண்டா நசுங்கும், நசுங்கினா கொட்டும். ஊதவும் ஊதாதே, மூச்சு பட்டா அதுக்குக் கோபம் வரும். கெட்டியான அட்டையை அதுக்கு முன்னால சாய்ச்சுப் பிடி, தானா ஏறிக்கும். முதல்ல அவ பையிலேருந்து ஊசியை எடுத்துக் கையில வச்சுக்க. நான் கிளம்பிட்டேன்."

ஊசியை எடுத்தான். கையில் கிடைத்த அட்டை கல்லூரி அடையாள அட்டைதான். கட்டிலருகே மண்டியிட்டு மூச்சை அடக்கினான். ஆனால் அக்காவின் மூச்சை யார் அடக்குவது? அவள் விட்ட மூச்சு பட்டதும் எறும்பு நின்றது. மீசையை ஆட்டியது. அவள் தலைமுடிப் பக்கம் திரும்பியது. அட்டையை அந்தப் பக்கம் கொண்டுபோனான். அட்டை உறையில் உரசியது. எறும்பு யோசித்தது. உலகத்தில் யாரும் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு ஏறியது.

எழுந்து நாலு அடி வைத்திருப்பான். 'டிக்' என்று ஒரு சத்தம். எறும்பு எகிறி அவன் மணிக்கட்டில் விழுந்து கொட்டியது. நெருப்புக் கங்கை வைத்து அழுத்தியது போலிருந்தது. கத்தினால் அக்கா புரள்வாள். தரையில் இன்னொன்று இருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேசை மேலிருந்த காலி டம்ளருக்குள் கையை உதறினான்.

"என்னடா, என் ஊசியோட நிக்கற?" என்றாள் அக்கா, கண்ணைப் பாதி திறந்து.

"அசையாதேக்கா" என்று சொல்லிவிட்டு, தலையணையையும் போர்வையையும் தரையையும் பார்த்து, வழி காட்டி, அவளை பால்கனிக்குக் கூட்டிப்போனான். போகிற வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னான். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊசியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கேட்டாள்:

"எத்தனை?"

"இருபதுக்கு மேல."

"மேலன்னா?"

அவன் குனிந்து நாற்காலிக்கடியில் பார்த்தான்.

"எறும்புக்குக்கூட நான் பயப்படலடா. அந்த 'மேல'வுக்குத்தான் பயமா இருக்கு."

அத்தான் விரல்களில் மெழுகு காயாமல் வந்தார். ராணி இருந்த சோதனைக்குழாயைத் திறந்து, அறை நடுவே தரையில் வைத்து, எறும்புக் கண்ணுக்கு இருட்டாகத் தெரிகிற சிவப்புத் தாளால் மூடினார். இருட்டும் ஈரமும் ராணியும் இருக்கிற இடத்துக்கு எறும்பு தானாகத் திரும்பும். ஒவ்வொன்றாக வந்தன, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மாதிரி. வராதவற்றை அத்தானும் சக்கரவர்த்தியும் செருப்புக்குள்ளும் திரைச்சீலை மடிப்பிலும் தேடிப் பிடித்தார்கள். இருபதைத் தாண்டியபோது யாரும் மகிழவில்லை. லென்ஸுக்கு போன் செய்தார்கள். இருபத்தைந்து இருக்கலாம், முப்பதும் இருக்கலாம், யார் எண்ணினார்கள் என்றார். ராணியைப் பிரிந்த எறும்பு எவ்வளவு காலம் இருக்கும் என்று அத்தான் கேட்டார். சில வாரமோ சில மாதமோ என்றார்.

பெட்டி அன்றே லென்ஸிடம் திரும்பிப் போனது. குழுவில் யாரோ அந்தப் படத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். சக்கரவர்த்தி பார்க்கவில்லை.

அந்தி சாய்ந்தது. அக்கா வேலைக்குக் கிளம்பக் குளிக்கப் போனாள். அத்தான் அவள் கட்டிலுக்கடியில் இன்னும் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் அக்காவின் தொழிற்சாலைக் கோட்டு தொங்கியது. சக்கரவர்த்தி அதை பால்கனிக்கு எடுத்துப்போனான். அதன் கைகளை உள்வெளியாகத் திருப்பி உதறினான். வீங்கிய கையாலேயே காலரின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தான். பைகளின் தையலை விரலால் தடவினான். பழையபடி மாட்டினான்.

போகத் திரும்பியவன் நின்று, அதை மறுபடி எடுத்தான்.