சனிக்கிழமை நுரை

“ஏதாவது சொன்னியா?”

“நானா? இல்லியே. காத்தா இருக்கும்.”

அவாருவா டவுனிலிருந்து வீடு திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த மெரியானா கேட்டதும், ஓட்டிக்கொண்டிருந்த தோகோவா பதில் சொன்னதும் இவ்வளவுதான். அது காற்று இல்லை என்பது அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. தோகோவா வீட்டு முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்சக்கர மட்கார்டின் அடியிலிருந்து வழிந்த சோப்பு நுரை அவனுடைய குரலிலேயே, “என் வீட்டுக்கே வந்துடேன், மெரியானா” என்று சொல்லிவிட்டு வாழைமரத்தடிக்கு ஓடிப்போனது.

பக்கத்து வீட்டில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கூரா அத்தைக்கு அது தெளிவாகக் கேட்டது. நுரை பேசியதில் அவருக்குப் பெரிய வியப்பு இல்லை. தோகோவாவுக்கு இவ்வளவு நீளமாகப் பேச வருமா என்பதுதான் வியப்பு. ராரோட்டோங்கா தீவில் வண்டியில் போகிறவர்களின் பேச்சில் பாதியைக் கடற்காற்று பிடுங்கிக்கொள்ளும். அப்படிப் பிடுங்கிய பேச்சு உப்போடும் செம்மண்ணோடும் சேர்ந்து வண்டியின் அடியில் படிந்துவிடுகிறது என்பதை அந்த மாதத்துக்குள் திதிகாவேகா ஊர் முழுவதும் கண்டுகொண்டது. மழைக்கு அதை எடுக்கத் தெரியாது. பெட்ரோல் பங்கில் இருக்கும் பீய்ச்சுக்குழாயாலும் ஆகாது. வாளித் தண்ணீர், சோப்பு, பழைய பனியன் துணி, கை, இவ்வளவும் வேண்டும். சுற்றுலாக்காரர்கள் எடுத்துப்போன வாடகை ஸ்கூட்டர்களைக் கழுவினால் பெரும்பாலும் அலறல்தான் வரும். ஞாயிறு சர்ச் போதகரின் வண்டி அவர் வழியில் ஒத்திகை பார்த்த பிரசங்கத்தையும், நடுநடுவே பாடகர் குழுவைப் பற்றிய அவருடைய உண்மையான கருத்தையும் சொன்னது. அதற்கடுத்த வாரம் பாடகர் குழு ஒழுங்காகப் பாடியது. ஓட்டுகிறவரின் பேச்சு மட்டும்தான் இப்படிப் படியும், பின்னால் இருப்பவரின் பேச்சு ரோட்டோடு போய்விடும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். நுரையில் கேட்டதை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற வழக்கமும் தானாகவே வந்தது. இல்லாவிட்டால் ஊரில் ஒருவரும் வண்டியைக் கழுவியிருக்க மாட்டார்கள்.

தோகோவா மின்சார அலுவலகத்தில் கம்பம் ஏறுகிறவன். மெரியானா அவாருவாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு. காலையில் அவன் வண்டியிலேயே, மூரி வழியாகக் கிட்டத்துப் பாதையில் வேலைக்குப் போவார்கள். மாலையில் மட்டும் அவன் வண்டியை அரோராங்கி பக்கம் திருப்பி, தீவின் மிச்சப் பாதி முழுவதையும் சுற்றிக்கொண்டு வருவான். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை. அவள் சனிக்கிழமை சர்ச்சைச் சேர்ந்தவள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் சனிக்கிழமை மறையும்வரை அந்த வீட்டில் ஒரு தட்டுக்கூடக் கழுவ மாட்டார்கள், பன்றிக்கறி எப்போதும் கிடையாது. அவனோ ஞாயிறு சர்ச். முற்றத்தில், தீவு வழக்கப்படி, பெற்றோரின் வெள்ளையடித்த கல்லறை, கொல்லையில் பன்றிகள். ஞாயிற்றுக்கிழமைக்காக எல்லோரையும்போல அவனும் சனிக்கிழமைதான் வண்டி கழுவினான். பிறகு, அந்த நேரத்தில் மெரியானா சர்ச்சில் இருப்பாள் என்பதற்காகவே சனிக்கிழமை கழுவினான்.

வருடங்கள் போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் நுரை அவளைத் தவிர எல்லோரிடமும் கேட்டது. “கூரையெல்லாம் மாத்திட்டேன், வந்து பாரு” என்றது. “உங்க சர்ச்சுல என்னை உள்ள விடுவாங்களா?” என்றது. “பன்னிங்களை வேணா விட்டுடறேன்” என்று ஒரு மழைக்காலம் முழுவதும் சொன்னது. அதன்படியே கிறிஸ்துமஸுக்கு ஒன்று, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஒன்று என்று கொடுத்துத் தீர்த்தவன், புதிதாகக் குட்டி வாங்கவில்லை. கல்லறை விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கூரா அத்தை, “அவகிட்ட சொல்ல வேண்டியதை வாழைமரத்துக்குச் சொல்றான். வாழையாவது சரின்னு சொல்லுதான்னு பாப்போம்” என்பார். அந்த வாழை வருடம் தவறாமல் இரட்டைத்தார் போட்டது. ஹெல்மெட் சட்டம் வந்த பிறகு மெரியானாவுக்கு எதுவுமே கேட்காமல் போனது. தோகோவாவின் தைரியம் வளர்ந்தது. நுரை இன்னும் அதிகமாகப் பேசியது.

போன வருடம் மெரியானாவின் அம்மா இறந்தார். ஆக்லாந்தில் இருக்கும் அக்கா, இங்கே தனியாக எதற்கு, வந்துவிடு என்றாள். வீட்டை உறவுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு மெரியானா டிக்கெட் எடுத்தாள். சனிக்கிழமை சூரியன் மறைந்த பிறகு கிளம்பும் விமானம், திரும்பி வருவதற்கு டிக்கெட் இல்லை. அதைக் கேட்ட நாள் தோகோவா அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு தீவை இரண்டு முறை சுற்றினான். இதற்கும் மெரியானா எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை தூதகா வந்தது. ஊர்ப் பெண்கள் குழுவாக, ஒரே துணியில் தைத்த பூப்போட்ட கவுனும் ஓலைத்தொப்பியும் அணிந்து, வீடு வீடாகப் போய்ச் சுத்தம் பார்த்து மதிப்பெண் போடும் நாள் அது. குழுவுக்குக் கூரா அத்தை தலைவி. கடைசித் தூதகாவை முடிக்காமல் போக மாட்டேன் என்று மெரியானாவும் கூட நடந்தாள். குழு வரும்போது வண்டி அழுக்காக இருக்க முடியாது. ரோட்டுக்கு எதிரே அவள் வீட்டில் இருக்கும்போது கழுவவும் முடியாது. அதனால் தோகோவா முந்தின நாள் மாலையே ரேடியோவை உச்சத்தில் வைத்துவிட்டுக் கழுவி முடித்திருந்தான். அன்று நுரை என்ன சொன்னது என்பது வாழைக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

கூரா அத்தை சமையலறையைப் பார்த்தார், தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தார், காலியான பன்றிப்பட்டியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு வண்டியின் மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்தார். விரல் சுத்தமாக வந்தது. அவர் சீட்டைத் தட்டினார்.

“இதைத் தூக்கு.”

“பூட்டு துருப்பிடிச்சுப்போச்சு அத்தை. வாங்கினதுலேருந்து தொறந்ததில்ல.”

“கரண்டுக் கம்பத்து உச்சில ஏறுறவனுக்கு ஒரு சீட்டைத் தொறக்க முடியலியா?”

தோகோவா ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். சீட்டு கறகறவென்று எழுந்தது. உள்ளே செம்மண்ணும் உப்பும் அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தன.

“தாரோக் கிழங்கே நடலாம் போலிருக்கே” என்றார் கூரா அத்தை. “கழுவு. இப்பவே. இல்லன்னா மார்க் கிடையாது.”

அங்கே தன் பேச்சு எதுவும் இருக்காது என்ற நம்பிக்கையில் தோகோவா நிம்மதியாகவே சோப்புத்துணியை வைத்தான். முதல் நுரை கிளம்பியது. குரல் அவனுடையது இல்லை.

“டிக்கெட் வாங்கிட்டேன். இப்பவாவது கேளேன்” என்றது நுரை.

மெரியானா தொப்பியை இழுத்துக் கண்வரை இறக்கினாள். தோகோவாவின் கை நிற்கவில்லை. நின்றிருந்தால் கூரா அத்தை துணியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். மேலடுக்கு போய் அடுத்த அடுக்கு கரைந்தது, பேச்சு பின்னோக்கிப் போனது. சனிக்கிழமை சர்ச்சின் பாட்டு ஒன்று முணுமுணுப்பாக வந்தது. “பன்னி எல்லாம் எங்க போச்சு? கேட்டா வாயத் தொறக்க மாட்டான்” என்று வந்தது. “இன்னிக்கும் சுத்து வழிதான். நல்லது, நிதானமாவே போ” என்று வந்தது. “சரின்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இவன் கேக்கத்தான் இத்தன வருஷம் ஆகுது” என்று வந்தபோது குழுவில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் செம்பருத்திச் செடியைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். கடைசியாக, இரும்போடு ஒட்டிக் கிடந்த பழைய படிவு இளகியது. அதில் இருந்த மெரியானா மிகவும் இளையவள்.

“காத்தாம். காத்து என் பேரையா சொல்லும்?”

நுரை வாழையடிக்கு ஓடியது. வண்டி, வாங்கிய நாளில் இருந்ததைப்போல அமைதியாக நின்றது.

“அது ரொம்பப் பழைய பேச்சு” என்றாள் மெரியானா, தொப்பிக்கு அடியிலிருந்து.

“முதல்ல வந்தது போன வாரத்துதானே?” என்றார் கூரா அத்தை.

“அத்தை, அடுத்த வீடு பாக்க வேண்டாமா?”

“அடுத்த வீடு என் வீடு. அது சுத்தமாத்தான் இருக்கு.”

தோகோவா துணியைப் பிழிந்து கல்லறை மேல் உலரப்போட்டான். கைகளைக் காற்சட்டையில் துடைத்தான். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. அவன் மெரியானாவின் எதிரில் போய் நின்று, வாளியையோ வாழையையோ பார்க்காமல் அவளையே பார்த்தான்.

“போகாதே, மெரியானா. என் வீட்டுக்கே வந்துடு. இனிமே வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்குள்ள வண்டியக் கழுவிடறேன்.”