வெள்ளைத் தட்டு மறையும் ஆழம்

1

இந்தக் கதை ஒரு பதாகையிலிருந்து பிறந்தது. கருணையிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் தம் கதைகள் பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பக்கம் நல்ல பதாகை எதுவும் கட்டப்படவில்லை போலும்.

எங்கள் ஏரியில் மீன் செத்து மிதக்கும்போதெல்லாம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து படகுத்துறையில் ஒரு பதாகை கட்டுவார்கள். "மலையடிக் கந்தகம் கிளம்பியதால் ஏற்பட்ட இயற்கைப் பேரிடர். மக்கள் பொறுமை காக்கவும்." போன தடவை கிட்டே போய்ப் பார்த்தேன். வருடம் அச்சிட்டிருந்த இடத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினேன். அடியில் முந்தைய வருடம். அதற்கும் அடியில் அதற்கு முந்தையது. பேரிடரை அவிழ்த்து, காயவைத்து, சுருட்டி, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பதாகையின் நிழலில் ஒரு லாரியிலிருந்து மீன் தீவன மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

சுமத்ராவின் மேற்கில், பழைய எரிமலை வாய்க்குள் தேங்கிய ஏரி இது. அந்த மலை கடைசியாகத் தும்மியபோது கேட்க மனிதர் யாரும் இங்கே இல்லை. அவ்வளவு காலம் சும்மா கிடந்த மலைக்கு, ஏரியில் மீன் வளர்க்கும் வலைக்கூண்டுகள் ஐந்தாயிரத்தைத் தாண்டிய பிறகு மழைக்காலம் தவறாமல் வயிறு கலங்குகிறதாம்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

"விடியலில் ஏரி கண்ணாடியைப் போலப்—"

[அடித்துவிட்டேன். அது கண்ணாடியாக இருந்து பதினைந்து வருடம் ஆகிறது. இப்போது பாசிப்பயறு வேகவைத்து இறுத்த தண்ணீர்.]

"ஏரி மௌனமாக அழுதுகொண்டிருந்தது. அதன்—"

[இதையும் அடித்துவிட்டேன். ஏரி அழாது. அதற்குத் தெரிந்தது சூடு, எடை, காற்று, இந்த மூன்றுதான். நம்மை அழவைக்க அவை போதும்.]

2

கதையில் அவளுக்கு அஸ்னிமார் என்று பெயர். என் மனைவிக்கு வேறு பெயர். அதை எழுதக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.

அஸ்னிமார் ஏரிக்கரையில் தீவனக் கடை நடத்துகிறாள். கடைக்கு எதிரே தண்ணீரில் அவளுக்கே பன்னிரண்டு வலைக்கூண்டுகள், நிறையத் திலாப்பியா மீன். எங்கள் மினாங் இனத்தின் தாய்வழி வழக்கத்தில் வீடும் நிலமும் சாவியும் பெண்ணுக்கு. பேச்சு அவளுடைய அண்ணனுக்கு. மனைவி வீட்டுக்கு வந்து சேர்கிற கணவனுக்கு ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்.

தினம் காலை பத்து மணிக்கு அஸ்னிமார் படகைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிட்டு, கல் கட்டிய ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் இறக்குவாள். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் நிறுத்தி முடிச்சை எண்ணுவாள். கடைக்கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதுவாள். முதல் வருடம் ஒன்பது முடிச்சு. ஆறு. நான்கு. போன வருடம் மூன்று.

தண்ணீரின் தெளிவை இப்படி அளக்கலாம் என்று நான்தான் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன், மூன்றாம் நாளே மறந்தும்விட்டேன். அவள் பத்தொன்பது வருடமாக விடவில்லை. எதற்கு என்று கேட்டால், "தட்டு இருக்கு, கயிறு இருக்கு" என்பாள்.

3

இனி ஒரு பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.*

ஏரிக்கு உணவு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, மேலே மலைச்சரிவு வயல்களிலிருந்து. யூரியாவின் நைட்ரஜன் பெட்டி படுக்கை இல்லாத பயணி. மழை கூப்பிட்டதும் தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் நழுவி ஊற்றோடு வந்துவிடும். பாஸ்பரஸ் அப்படியல்ல. மண்துகளை இறுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மண்ணே கரைந்து செந்நீராக ஓடினால்தான் அதுவும் புறப்படும். காடிருந்த சரிவை வெட்டி மிளகாய் போட்ட பிறகு, மண் தாராளமாகவே புறப்பட்டு வருகிறது.

இரண்டாவது வழி மூட்டை. ஒரு மூட்டைத் தீவனத்தின் பாஸ்பரஸில் மீன் தன் உடம்பில் கட்டிக்கொள்வது கால்வாசிக்குச் சற்று மேலே. மிச்சம் எச்சமாகவும் தின்னாத உருண்டையாகவும் அடியில் இறங்கிவிடும். அங்கே சேற்றிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல காவல்காரன் அந்த இரும்பு, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்வரைதான். அடியில் அழுகல் பெருகி ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கையை விரித்துவிடும். பாஸ்பரஸ் திரும்ப மேலே வரும், பாசி கொழுக்கும், செத்து அடியில் விழும், அங்கே இன்னும் அழுகும். ஏரித் தண்ணீர் வெளியேற வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே வந்த ஒரு துளி வெளியேற இருபத்தைந்து வருடம் ஆகும். என் கல்யாண விருந்தில் கை கழுவிய தண்ணீர் இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

சாதாரண நாளில் வெதுவெதுப்பான மேல்தண்ணீர் மூடி போல மிதக்கும், குளிர்ந்த கனத்த தண்ணீர் மூச்சில்லாமல் அடியில் கிடக்கும். மலை விளிம்பிலிருந்து காற்றும் குளிர்ந்த மழையும் நான்கு நாள் இறங்கினால் மூடி குளிர்ந்து கனக்கும், கீழே அமிழும். அடித்தண்ணீர் அழுகிய முட்டை வாடையோடு மேலே வரும். அதுதான் நம் மலையடிக் கந்தகம். அதை நாமே மூட்டை மூட்டையாக வாங்கி, கை நோகாமல் தகரக் குவளையால் அள்ளிப் போட்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், இரவில் தானும் சேர்ந்து குடிக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் மூச்சு மிகக் குறைவு. அப்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரம் தீவனம் போட்டால், தின்றதைச் செரிக்க மீனுக்கு இன்னும் மூச்சு வேண்டியிருக்கும். வயிறு காலியாக இருக்கிற மீன் அசையாமல் கிடந்து பிழைத்துக்கொள்ளலாம்.

[* இங்கே யாரும் தூங்க வேண்டாம். கதையின் முடிவை இந்தப் பகுதிக்குள்தான் வைத்திருக்கிறேன்.]

4

இந்தத் திங்கள்கிழமை தட்டு இரண்டரை முடிச்சில் மறைந்தது. மேற்கு விளிம்பில் மேகம் உட்கார்ந்துவிட்டது. மீன் விற்பனைக்கு இன்னும் மூன்று வாரம்.

கரை முழுக்கப் பத்து நாள் தீவனத்தை நிறுத்தினால் காற்று வரும்போது பாதியாவது பிழைக்கும் என்று அஸ்னிமார் கணக்குப் போட்டாள். அவள் ஒருத்தி நிறுத்திப் பயனில்லை. தண்ணீருக்கு உன் கூண்டு, என் கூண்டு தெரியாது. ஆகவே நான் எழுதினேன்:

"அஸ்னிமார் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். அவள் கண்களில் தீ. 'உறவுகளே, நம் ஏரி—'"

தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள் சிரித்துவிட்டாள்.

"நானா? கூட்டத்துலயா?"

"கதையிலதான்."

"கதையில இருக்கறவளுக்கும் இதே ஊருதானே? நேத்து நாப்பது மூட்டை வித்தவ இன்னிக்குப் பாடம் எடுக்கறாம்பாங்க. காப்பிக்கடைப் பேச்சுக்கு ஒரு மாசத்துக்குக் காணும். கண்ணுல தீயாம். வெங்காயம் உரிச்சேன்னு போடுங்க."

"அப்ப என்னதான் செஞ்சாள்னு எழுதறது?"

"கடையைப் பூட்டினேன். சரக்கு வரலைன்னு அட்டை எழுதி மாட்டினேன். அதை எழுதுங்க."

"அது ஒரு வரிதானே. அதுவும் பொய்."

"பின்னாடி முப்பது மூட்டை கிடக்குது, பொய்தான். நீங்க உண்மையா நாலு பக்கம் எழுதுங்க. அதுவும் மூட்டை மாதிரி அடியிலதான் போய்ச் சேரும்."

[பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். இவளைத் தியாகி என்று நினைத்து எழுத ஆரம்பித்தேன். பத்தொன்பது வருடம் கதவின் உள்பக்கம் கணக்கு எழுதிக்கொண்டே வெளிப்பக்கம் தீவனம் விற்றவள். அவள் மேல் நான் வைத்திருந்த மரியாதை நான்கு முடிச்சு இறங்கியது. பிறகு யோசித்தேன். மீதி ஊருக்கு நான் வைத்திருக்கும் கயிறு அதைவிடக் குட்டை. மூன்றாம் பகுதியை முழுக்கத் தெரிந்துகொண்டே நாற்காலியில் இருந்தவனுக்கு எந்தக் கயிறு என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள்.]

5

பூட்டிய நான்காம் நாள் விடியலில், கரை நெடுக எல்லாக் கூண்டிலும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன.

இப்போது எங்கள் ஊர் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றைப் பாருங்கள். நான்கு நாளாகத் தீவனக் கடை பூட்டியிருக்கிறது. மீன் வாயைப் பிளக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தார்கள்.

பக்கத்துக் கூண்டுக்காரன் ஹெந்த்ரி ஈரக் காலோடு கடை வாசலுக்கு வந்துவிட்டான். பின்னால் காப்பிக்கடை மொத்தமும்.

"அக்கா, வந்து பாருங்க. சரக்கு வரலைங்கறதை யாரு நம்புவா? பட்டினி போட்டுக் கொல்றீங்க. எப்படி வாயைப் பொளக்குதுங்க பாருங்க."

"அது பசியில்ல ஹெந்த்ரி. மூச்சு."

"மூச்சா? தண்ணிக்குள்ள பொறந்து வளர்ந்ததுக்கு மூச்சு முட்டுதா?" அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு கிடைத்தது. "அப்ப எனக்குக் கரையில முட்டணுமே."

"உனக்குக் காப்பிக்கடையில முட்டாது. அங்க காத்துதான் நிறைய. ஒரு வாரம் போடாம இருந்து பாரு."

"உங்க மீனும்தான் வாயைப் பொளக்குது. வளர்த்த மனசு இல்லியா உங்களுக்கு?"

அஸ்னிமார் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். தன் பன்னிரண்டு கூண்டுகளையும் ஒருதரம் பார்த்தாள். எந்த மீன் எந்தக் கூண்டில் மெலிவு என்று அவளுக்குத் தெரியும்.

ஹெந்த்ரி படகெடுத்து எதிர்க்கரைக்குப் போய் அங்கே கிடைத்த ஆறு மூட்டையைக் கொண்டுவந்தான். ஊர் பங்கு போட்டுக்கொண்டது. கூண்டுக்கு அரைக் குவளை. பத்தவில்லை என்று இன்னும் கோபம்.

6

இன்று காலை அண்ணன் வந்துவிட்டார். குலத் தலைவர் என்பதால் டத்துக் பட்டம். முன் அறையில் உட்கார்ந்து, முட்டை அடித்த தேநீரை நுரையோடு ஒரு வாய் குடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அஸ்னி. சாவி."

"காணலை அண்ணே."

"கடை யாரு நிலத்துல நிக்குது?"

"நம்ம அம்மா நிலத்துல."

"அம்மா நிலத்துக்கு யாரு பேசறது?"

"நீங்கதான் பேசறீங்க. நல்லாத்தான் பேசறீங்க. சாவிதான் வாய் திறக்க மாட்டேங்குது."

டத்துக் கோபப்படவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் எனக்குத் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் ஒரு பத்தியில் முடித்திருப்பேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கந்தகம் வந்தா வரட்டும். அது மலை விட்ட வழி, யாரு மேலயும் பழியில்ல. ஆனா இந்தத் தடவை செத்தா, நம்ம வீட்டுப் பொண்ணு பட்டினி போட்டுத்தான் செத்துதுன்னு சொல்லுவாங்க. அதை நான் எங்க கொண்டு வைக்க?"

"மலைமேல வைங்க. எல்லாரும் அங்கதானே வைக்கறாங்க."

சொல்லிவிட்டுத் தட்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விட்டாள்.

7

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) காற்று வருகிறது, ஏரி புரள்கிறது, எல்லாம் சாகிறது. அஸ்னிமார் சொன்னது சரி என்று ஊர் உணர்ந்து— [ஊர் உணர்வதாவது. செத்த மீனை அள்ளி ஏரி நடுவில் கொட்டுவார்கள், அடுத்த வருடக் கந்தகத்துக்கு உரமாக.]

(ஆ) மேகம் கலைகிறது, மீன் பிழைக்கிறது. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை. இவ சும்மா பயமுறுத்தினா" என்று அவளைப் பத்து வருடம் கேலி செய்கிறார்கள். [இதுதான் நல்ல முடிவு என்பதை எண்ணிப் பாருங்கள்.]

(இ) டத்துக் கதவின் உள்பக்கத்தைப் பார்க்கிறார். பத்தொன்பது வருடப் பென்சில் கணக்கு. ஒன்பது, ஆறு, நான்கு, மூன்று. அவர் கண்கள்— [கதவின் உள்பக்கத்தைப் பார்க்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் பார்வை மூட்டையில்தான் விழும்.]

மூன்றுக்கும் ஒரே முட்டுக்கட்டை, சாவி.

இன்று விடியலில், அண்ணன் வருமுன், அஸ்னிமார் என் மேசைக்கு வந்து, எழுதிய தாள்களைத் தூக்கி, அதன் அடியில் சாவியை வைத்துவிட்டுப் போனாள். "உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். எங்கள் வழக்கத்தைப் பற்றி இவ்வளவு கறாரான ஆய்வுரையை நான் படித்ததில்லை.

அவள் கணக்கு சரி. டத்துக் பெட்டியைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், அரிசிப் பானைக்குள் கைவிட்டார். என்னைக் கேட்கவில்லை. போகிற போக்கில் மரியாதைக்கு மேசைப் பக்கம் நின்றார்.

"கதையா, மாப்ளே?"

"ஆமா."

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை."

"முடிஞ்சதும் குடுங்க, படிக்கறேன். நம்மளைப் பத்தின்னு அஸ்னி சொன்னா." மறுபடி முன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகிற மாதிரித் தெரியவில்லை.

ஆகவே இந்தக் கதை முடியாது. முடிந்தால் தாளை எடுக்க வேண்டும். நான்கு பக்கத்தை ஏழாக இழுத்திருக்கிறேன். மீனுக்கு இன்னும் ஆறு நாள் வேண்டும். வெளியே கயிறு இறங்கும் சத்தம் கேட்கிறது. காற்றும் கேட்கிறது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டேன்.

அதனால் சாவியைத் தாளோடு சேர்த்து உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். நாளை விடியலில் ஹெந்த்ரி உங்களைக் கூண்டுக்கு அழைத்துப் போவான். மீன்கள் வாயைப் பிளந்து நிற்கும். பார்த்தால் பசி என்றுதான் தோன்றும், எனக்கே தோன்றியது. கையில் தகரக் குவளையைத் திணித்து, "மனசில்லியா உங்களுக்கு?" என்பான்.

மூன்றாம் பகுதியைப் படித்ததை அப்போது மறந்துவிடுவதானாலும் தடையில்லை. பதாகை தயாராக இருக்கிறது. வருடம் ஒட்டுகிற இடம்தான் பாக்கி.