ஒன்பதாம் நம்பர் ஷூ

எங்கள் கூட்டத்தில் என் பெயர் அளவு. அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி வங்கிக்காரர்கள் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். நான் தையல்காரன். விடிந்தது முதல் பொழுது அடைவது வரை கழுத்தில் டேப் தொங்கும். ஆனாலும் இந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் கால்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நான்கு பேர் பார்கூர் பழகப் போவோம். படி இருக்கும் இடத்தில் படியைத் தொடாமல், சுவர், கைப்பிடி, தூண் என்று கிடைத்ததைப் பிடித்து ஓடி, தாவி, உருண்டு எழுவதற்குப் பெயர் பார்கூர். வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்பாள் என் தங்கை. நால்வருக்கும் வேலை இருக்கிறது. அவள் புருஷனே லிஃப்ட் மெக்கானிக். அடுத்தவர்களுக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்துவிட்டு, தான் மட்டும் சுவர் வழியாக இறங்கி வருவான். தங்கையைக் கட்டுவதற்கு முன்பிருந்தே எனக்கு நண்பன். கட்டிய பிறகு எல்லோருக்குமே மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே தாண்டுவதாக இருந்தால் முதலில் கீழே அளக்க வேண்டும். ஒரு சுவரின் அடியில் குதிகாலை ஒட்டி வைப்பேன். அந்த ஷூவின் நுனியில் அடுத்த ஷூவின் குதிகால். இப்படியே எதிர்ச் சுவர் வரை நடப்பேன், மற்ற மூவரும் கூடவே சத்தமாக எண்ணுவார்கள். டேப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மீட்டரில் சொன்னால் மூளைக்குப் புரியும், காலுக்குப் புரியாது. ஆளுக்கு ஒரு கால் அளவு இருந்தால் குழப்பம் என்று, ஒன்பது வருடமாக என் காலையே வைத்துக்கொண்டோம். ஒவ்வொருவனுக்கும் அவனுடைய எண் தெரியும். ஓடி வந்து தாண்டினால் மாப்பிள்ளைக்குப் பதினாறு. பதினாறரை என்று சொன்னால் போதும், சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். எங்களைத் தலைகால் தெரியாமல் ஆடுபவர்கள் என்று நினைப்பவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் எப்போதும் ஒரே கம்பெனி ஷூதான் வாங்குவேன், ஒன்பதாம் நம்பர். இந்தத் தடவை கடையில் அது இல்லை. கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். ஒன்பதாம் நம்பர்தான், அடிப்பாகம் மட்டும் கொஞ்சம் தடிமன். போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு, பழைய கார் நிறுத்தக் கட்டடத்தின் பின்பக்கம் அளந்தேன். சரியாகப் பதினாறு. மாப்பிள்ளை முதல் மாடி விளிம்பில் நின்று கட்டை விரலை உயர்த்தினான். ஓடி வந்தான், தாவினான். அவன் கால் நுனி எதிர் விளிம்பைத் தொட்டது எனக்குத் தெரிந்தது. தொட்டது மட்டும்தான், நிற்கவில்லை. பிடிக்கப் போன கை வழுக்கிக் கீழே வந்தான். வலது குதிகால் எலும்பு நான்காக உடைந்தது.

மருத்துவமனையில் கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கடைசி அடியில பயந்துட்டேன் மச்சான். என் தப்புதான்." அவன் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பதினாறைத் தாண்டுகிறவன் பதினாறில் விழுந்தால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அது மட்டும் சத்தியம்.

இரண்டு வாரம் கழித்துக் கடையைப் பெருக்கும்போது பழைய ஷூவைத் தூக்கிப் புதிய ஷூவின் பக்கத்தில் வைத்தேன். குதிகால் இரண்டும் சுவரில் ஒட்டி நின்றன. நுனி ஒட்டவில்லை. புதியது முன்னால் நீண்டிருந்தது. கழுத்திலிருந்த டேப்பை எடுத்தேன். அரை இஞ்ச்.

அரை இஞ்ச் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தோளில் அரை இஞ்ச் பிசகினால் சட்டையை முகத்தில் விட்டெறிவார்கள். பதினாறு தடவை அரை இஞ்ச், எட்டு இஞ்ச். என் கணக்கில் பதினாறு என்றது, அவன் காலுக்குப் பழகிய கணக்கில் பதினாறரைக்கும் மேல். அதைக் கேட்டிருந்தால் அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்றே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஷட்டரை இழுத்தேன். பாதியில் நிறுத்தினேன். கட்டு பிரிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்றேன். கட்டு பிரித்தார்கள். நடக்கட்டும் என்றேன். நடந்தான். ஒவ்வொரு தடவையும் அவனுக்காகத்தான் பொறுக்கிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் பயந்தவன் நான். இரண்டு மாதம் வாயில் வைத்துக்கொண்டு மென்று விழுங்கினேன்.

போன வியாழக்கிழமை தங்கை கடைக்கு வந்தாள். கையில் அவன் வேலைக்குப் போடும் பேன்ட்.

"இதை இடுப்புல பிடிச்சுக் குடுண்ணா. ஆளு பாதியா இளைச்சுட்டாரு. குதிகாலுக்கு உள்ள தனியா ஒரு மெத்தை வச்ச பூட்ஸ் குடுத்திருக்காங்க, அதுக்குத் தகுந்தாப்ல கீழயும் மடிச்சுத் தைக்கணும்."

"வேலைக்குப் போறானா?"

"திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. லிஃப்ட் குழியில ஏணி ஏறிக் காட்டணுமாம். ஏறலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாங்க." அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஏற மாட்டாருண்ணா. டாக்டர் கால் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாரு. இவருதான் வீட்ல பரண்ல ஏறவே ஏணியில ரெண்டாவது படிக்கு மேல போக மாட்டேங்குறாரு. அங்க நின்னு வேர்த்துக் கொட்டுது. என் உடம்பை நானே நம்பலைன்னு சொல்றாரு."

நான் பேன்ட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

"எல்லாம் என் வாய்தான்" என்றாள். "அன்னைக்குக் காலையில சண்டை. விழுந்து காலை உடைச்சுக்கிட்டாதான் அடங்குவீங்கன்னு சொல்லிட்டேன். அதை நினைச்சுக்கிட்டே ஓடியிருப்பாரு. அதான் கடைசி அடியில தடுமாறிட்டாரு. அவருகிட்ட கேட்கவும் தைரியம் இல்லை."

அழுதாள். எதற்கும் கண் கலங்காதவள். கல்யாணத்தன்று அம்மா அழுததைப் பார்த்துச் சிரித்தவள். என் அரை இஞ்சை ஒருத்தன் குதிகாலில் சுமக்கிறான், ஒருத்தி நாக்கில் சுமக்கிறாள், நான் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இரண்டு ஜோடி ஷூவையும் ஒரே பையில் போட்டேன். "வா" என்று மட்டும் சொன்னேன்.

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தான். நான் தரையில் உட்கார்ந்தேன். பழைய ஷூ ஒன்று, புதிய ஷூ ஒன்று, குதிகால் இரண்டும் சுவரில் ஒட்டும்படி வைத்தேன். பக்கத்தில் டேப்பை வைத்தேன்.

"அன்னைக்கு நான் போட்டிருந்தது இது" என்று புதியதைத் தொட்டேன்.

அவனுக்கு மேலே தேவைப்படவில்லை. மெதுவாகக் கீழே இறங்கி, டேப்பை எடுத்து அவனே அளந்தான். முதலில் பழையது. அப்புறம் புதியது. உதடு அசைந்தது, பெருக்கினான். எட்டு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப நான் பயப்படலை" என்றான்.

"இல்லை மாப்பிள்ளை. நீ எப்பவும் தாண்டுற தூரத்தைச் சரியாத் தாண்டிட்ட. அதுக்கு மேலயும் தாண்டினதாலதான் நுனியாவது பட்டுச்சு."

"நான் பயப்படலை" என்று இன்னொரு தடவை சொன்னான், இந்தத் தடவை தங்கையைப் பார்த்து. அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைய சண்டையைப் பற்றி அவள் திக்கித் திணறிக் கேட்டதற்கு, "என்ன சண்டை?" என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் அவன் என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் வாய் வரை வந்தது. இன்றைக்குத்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

"ரெண்டு மாசமா."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டேப்பைச் சுருட்டினான், ஒழுங்காக, நான் சுருட்டுவதைப் போலவே. "ஷூ நீளமா இருந்தது உன் தப்பில்லை மச்சான்" என்றான். "இந்த ரெண்டு மாசம் உன்னுது." டேப்பை என் மடியில் வைத்தான்.

நான் ஷூக்களைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தேன். செருப்பை மாட்டும்போது தங்கை கூப்பிட்டாள்.

"பேன்ட் திங்கக்கிழமைக்கு வேணும். அளவு எடுக்காம எங்க போற?"

மாப்பிள்ளை உள்ளே போய்ப் புதிய பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான். சுவரைப் பிடிக்காமல் இரண்டு காலிலும் நேராக நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். நான் மண்டியிட்டேன். இடுப்பிலிருந்து டேப்பை விட்டு, முட்டி தாண்டி, உடைந்து சேர்ந்த அந்தக் குதிகால் வரை இழுத்துப் பிடித்தேன். முப்பத்தொன்பதரை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது தடவையும் அளந்தேன். முப்பத்தொன்பதரை.

எழப் போனேன். தோளில் அவன் கை அழுத்தியது.

"இன்னொரு தடவை அள" என்றான்.

மறுபடி அளந்தேன்.