காலைத் தேசிக்காய்த் தண்ணீர்

ஐந்தாவது றிப்போட்டும் சுத்தமாக வந்துவிடுமோ என்று முப்லிஹாவுக்குப் பயம். உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என நடுங்குகிற பெண் காத்தான்குடியிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இரண்டு வருடமாக அடிவயிற்றில் நெருப்பு. சலப்பையில் கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே உயிர் போகிற வலி. மாமி வீட்டார் இது உடம்பு வருத்தமில்லை, மனவருத்தம்தான் என்று முடிவுகட்டி, குர்ஆன் ஓதிப்பார்க்க நாளும் குறித்துவிட்டார்கள். இன்றைக்கும் ஒன்றுமில்லை என்றால் புருஷன் அஸ்கரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான்.

அஸ்கர் நல்லவன். அதுதான் தொல்லை. உடம்புச் சூடு என்று சொல்லி, விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் தன் கையாலேயே எலுமிச்சை பிழிந்து தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுப்பான். குடித்தால் எரிச்சல் கூடும். வேண்டாம் என்றால், சுகப்பட இவளுக்கே மனமில்லை என்று நினைத்துவிடுவானே. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவாள்.

"குறைஞ்சிச்சா புள்ள?" என்பான்.

"ஓம்" என்பாள். பிறகு கக்கூசுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

மட்டக்களப்பு டவுனில் டொக்டர் சிவதர்ஷன் றிப்போட்டைப் புரட்டினார். "கமரா விட்டுப் பாத்ததிலயும் ஒண்டும் இல்ல."

அஸ்கர் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா வலி உண்மை" என்றார் டொக்டர். "சலப்பையில இருக்கிற நரம்பு நுனியில கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் இருக்கு. அயன் சனல் எண்டு சொல்லுவம். அது திறந்து உப்பு அணுக்கள் உள்ள பாய்ஞ்சா, நரம்பு மூளைக்கு நோகுது எண்டு அறிவிக்கும். இவவுக்கு அது தொட்டதுக்கெல்லாம் திறக்குது போல. அது கமராவுக்குத் தெரியாது."

"அப்ப அத ஆரு திறக்கிற?" என்றான் அஸ்கர்.

"சில ஆக்களுக்குக் கொச்சிக்காய் உறைப்பு. சில ஆக்களுக்குப் புளிப்பு. தேசிக்காய் குடிக்கிறநீங்களா, தங்கச்சி? குடிச்சாக் கூடுமா?"

முப்லிஹா புருஷனைப் பார்த்தாள். இப்போதும் பொய் சொன்னால் ஆயுளுக்கும் அதையே குடிக்க வேண்டியதுதான்.

"ஓம். கூடும்."

அஸ்கர் டொக்டரிடம் திரும்பினான். "அத நான்தான் டொக்டர் கரைச்சிக் குடுத்த. ரெண்டு வருசமா."

மறுநாள் காலை அதே கிளாஸோடு வந்து நின்றான். வாங்கி முகர்ந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்.

குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். "இன்னும் எரியுதா புள்ள?" என்றான்.

இரண்டு வருடத்தில் அவன் இப்படிக் கேட்டதேயில்லை; குறைஞ்சிச்சா என்றுதான் கேட்பான்.

"எரியுது" என்றாள்.