நடுவில் வெளித்த வட்டம்

முழங்காலுக்குப் பின்பக்கத்தை மனிதனால் தானாகப் பார்க்க முடியாது. என் காலில் என்ன நடந்தது என்பதை மனைவி பவளம் சொல்லித்தான் அறிந்தேன்.

2005 ஆனியில் ஜெர்மனியில் தம்பி மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அடுத்த வாரம் காலில் சிவப்பொன்று கண்டது. பவளம் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினாள்.

"குறையுதப்பா. நடுவில வெளிச்சிட்டுது," என்றாள் சில நாளில்.

"அப்ப ஏன் எனக்கு உடம்பு முறியுது?"

"பிளேனில குந்தியிருந்த அலுப்பு."

அலுப்பு எனக்குத் தெரியாததா? செவன் ஹில்ஸ் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கியே வயது போனது. இது வேறு. கழுத்து திரும்பாது. ஒரு நாள் முழங்கால் நோகும், மறுநாள் தோள். படுத்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் படுக்கச் சொல்லும்.

அங்கே மேற்பார்வை செய்யும் விக்னராஜா, "அண்ணை, ஜெர்மனிச் சாப்பாடு இன்னும் செமிக்கேல்லையோ?" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல், "ஏலாதெண்டால் சொல்லுங்கோ, வேறை ஆளைப் போடுறன்," என்றான்.

இந்தக் கைகாலை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை. அன்றே டொக்டர் விமலாதேவியிடம் போனோம்.

காய்ச்சல் பார்த்தார், தொண்டை பார்த்தார். "இஞ்சை ஆடி குளிர் காலம்தானே அங்கிள். பனடோல் போட்டுப் படுங்கோ." காலைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆறுகிறதை யார் டொக்டருக்குக் காட்டுவார்கள்? எழும்பினேன்.

"இதென்ன கதிரையில மஞ்சள்?" என்றார் டொக்டர்.

எண்ணெய் காற்சட்டையைத் தாண்டி ஊறியிருந்தது. பவளம் வெட்கத்துடன் துடைக்கப் போனாள். டொக்டர் விடவில்லை. காற்சட்டையை மடிக்கச் செய்து, பஞ்சால் மஞ்சளைத் துடைத்தார்.

"முதல் எவ்வளவு இருந்தது?"

"ஐஞ்சு சதக் காசளவு. இப்ப நடு ஆறீட்டுது."

"ஆறேல்லை அன்ரி. வட்டம் வெளியால ஓடுது. இப்ப என்ர உள்ளங்கையளவு."

பவளத்தின் முகம் செத்துப்போனது.

"அங்கிள், வெளிநாடு எங்கையும் போனனீங்களோ?"

"ஜெர்மனிக்கு. தம்பி காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போய் இறைச்சி சுட்டவன்."

"உண்ணி கடிச்சதோ?"

"ஒண்டு கடிச்சது, நுள்ளி எறிஞ்சிட்டன். ஊரில மாட்டு உண்ணி கடிக்காத காலோ?"

"அது வேறை உண்ணி. இது லைம் எண்ட வருத்தம், உண்ணிக் கிருமியால வாறது. இஞ்சை நாங்கள் காணுறதில்லை."

"இரத்தத்தில தெரியுமோ?"

"எடுக்கிறன். ஆனா கடிச்சு இவ்வளவு கெதியில எடுத்தால் இல்லையெண்டும் வரும். இந்த வட்டமே போதும். மருந்துக் குளிசையை இண்டைக்கே தொடங்குங்கோ."

"கைகால் வழங்காமப் போகுமோ டொக்டர்?"

"வெள்ளனப் பிடிச்சிட்டம். எல்லாக் குளிசையும் முடிக்கவேணும்."

வட்டத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு கீறிவிட்டார். "மஞ்சள் வேண்டாம் அன்ரி. எனக்குக் கால் தெரியவேணும்."

அதற்குப் பிறகு பவளத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குசினியில் கறி கொதிக்கும், அவள் டோர்ச்சுடன் வந்து, "திரும்புங்கோ," என்பாள்.

"கோட்டைத் தாண்டீட்டுதோ?"

"இல்லை."

"நடு வெளிச்சதெண்டும் நீதானே சொன்னனீ."

அவள் அறைக்குள் போனாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுவந்து என் காலுக்குப் பின்னால் பிடித்தாள்.

கழுத்தைத் திருப்ப உயிர் போனது. திருப்பினேன். சிவப்பு கோட்டுக்கு உள்ளேதான் நின்றது.

"இன்னும் கொஞ்சம் கீழை பதிச்சுப் பிடி," என்றேன்.